மீசைக்கு ஈடாக இரண்டு குலை

மார்ச் 9

என்னிடம் இரண்டு நோட்டுகள் இருக்கின்றன. இரண்டின் அட்டையிலும் ஜிஏ என்றுதான் எழுதியிருக்கிறேன். நீல நோட்டு உரக்கடைக்கு. அதில் ஜிஏ என்றால் ஜிபெரலிக் அமிலம். செடிக்குள் சுரக்கும் வளர்ச்சி ஊக்கி அது. காய் நீளுவதற்காகப் பொட்டலத்தில் விற்கிறோம். பச்சை நோட்டு மாலை வகுப்புக்கு. அதில் ஜிஏ என்றால் ஜெனடிக் அல்காரிதம், அதாவது மரபணு வழிமுறை. கணினி நல்ல விடையைத் தேடிப் பிடிக்கும் முறைகளில் ஒன்று. காலை ஒன்பது முதல் ஆறு வரை ஒரு ஜிஏ, ஆறரைக்கு மேல் இன்னொன்று. இரண்டிலும் நான் கெட்டிக்காரி என்று யாரும் சொன்னதில்லை.

வகுப்பு பாளையங்கோட்டை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு தையல் கடையின் மாடியில் நடக்கிறது. இன்று ஸ்ரீசரண் சார், மே முடிவதற்குள் ஆளுக்கொரு செயல்திட்டம் தர வேண்டும் என்றார். புத்தகத்தில் உள்ள கணக்கு கூடாது. உண்மையான ஒருவருடைய உண்மையான சிக்கலாக இருக்க வேண்டும். மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு யோசிக்கத் தேவை இருக்கவில்லை. இன்று காலையில்தான் ஒரு சிக்கல் மீசையோடு கடைக்கு வந்து போயிருந்தது.

வந்தவர் தேவேந்திரன் அண்ணாச்சி. கீழநத்தத்தில் வாழைத் தோப்பு வைத்திருப்பவர், எங்கள் கடைக்கு நெடுநாள் வாடிக்கை. உள்ளே வந்ததும் எங்கள் முதலாளி ஹசன் அலியின் மேசை முன்னால் குனிந்து முகத்தை நீட்டினார்.

"பாய், இந்த மீசையை நல்லாப் பாத்துக்கிடும். மே இருபத்தி நாலுக்குப் பொறவு இருக்குமோ இருக்காதோ."

முதலாளி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "யாருகிட்ட வாயைக் குடுத்தீரு வே?"

"சம்பந்திகிட்ட."

"அப்பம் இருக்காது."

நேற்று அவருடைய இளைய மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அப்பா மகாராஜன், வள்ளியூர்க்காரர். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது அவர், அண்ணாச்சியின் மூத்த மகள் கல்யாண வீடியோவைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். மண்டப வாசலில் கட்டியிருந்த குலைவாழை இரண்டில் ஒன்றில் பத்துச் சீப்பு, மற்றதில் ஆறு.

"எல்லார் முன்னாலயும் கேக்கான் பாய். 'சம்பந்தி, உங்க ஊர்ல வாழையும் அக்கா தங்கச்சியாத்தான் வளருமோ? வேணும்னா வள்ளியூர்லேருந்து நானே ரெண்டு ஏத்திட்டு வந்துருதேன்'ங்கான்."

"நீரு சும்மா இருந்திருக்கலாம்லா?"

"எப்படி இருக்க? என் தோப்புலேருந்தே நிறுத்துதேன்னேன். சீப்பும் ஒண்ணா இருக்கும், குலை நீளமும் ஒண்ணா இருக்கும். நீளத்துல ரெண்டு விரலுக்கு மேல வித்தியாசம் இருந்தா அங்கனயே, மண்டப வாசல்லயே, மீசையை எடுத்துருதேன்னுட்டேன்."

முதலாளி இப்போது பேப்பரை மடித்தார். அந்த மீசையைப் பற்றிக் கொஞ்சம் எழுதியாக வேண்டும். அது உதட்டின் மேல் முடிவதில்லை. இரண்டு பக்கமும் கன்னத்தில் ஏறி, காது மடலுக்கு அருகில் போய் நின்று யோசிக்கிறது. பைக்கில் வரும்போது அது நசுங்காமல் இருக்க அவர் ஹெல்மெட்டை மெதுவாகத்தான் மாட்டுவார். ஹெல்மெட் போடச் சொல்லி நிறுத்திய போலீஸ்காரரே ஒருமுறை, பரவாயில்லை கையில் வைத்துக்கொண்டு போங்கள் என்று சொன்னதாக அவர் சொல்வார். எனக்கு அதில் சந்தேகம் உண்டு.

மரத்தின் அடியை வெட்டி உயரத்தைச் சரிசெய்து விடலாம். குலையை அப்படிச் செய்ய முடியாது. நுனியில் பூவோடு தொங்க வேண்டும் என்பதால் கீழே நறுக்கவும் கூடாது. எனவே தோப்பில் உள்ள குலைகளிலேயே ஒன்றுபோல் உள்ள இரண்டைக் கண்டுபிடிக்க வேண்டும்.

"அண்ணாச்சி, நாங்க வகுப்புல ஒண்ணு படிக்கோம்" என்று ஆரம்பித்தேன். ஏன் ஆரம்பித்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

மார்ச் 21

தேவேந்திரன் அண்ணாச்சி ஒரு கோடு போட்ட நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். கல்யாணத் தேதிக்கு ஏற்ற பருவத்தில் குலை தள்ளிய மரங்கள் நாற்பத்தாறு. ஒவ்வொன்றுக்கும் நம்பர், குலை தள்ளிய தேதி, சீப்பு எத்தனை, நீளம் எத்தனை சாண் என்று நான் சொன்னபடியே நான்கு பத்தி. கையெழுத்து இரண்டு விதமாக இருந்தது. முதல் பாதி கொட்டை கொட்டையாக, இரண்டாம் பாதி பொடிப் பொடியாக. அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு, பக்கம் போதாமல் சுருக்கி எழுதியிருப்பார்கள் என்று நானே ஒரு பதிலும் சொல்லிக்கொண்டேன். இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 23

முதல் ஓட்டம்.

முறை இதுதான். கணினி கண்ணை மூடிக்கொண்டு பல ஜோடிகளை எடுக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் மதிப்பெண் போடும்: வித்தியாசம் குறையக் குறைய மதிப்பெண் கூடும். நல்ல மதிப்பெண் வாங்கிய ஜோடிகளைப் பிரித்து மாற்றிச் சேர்த்துப் புதிய ஜோடிகள் உண்டாக்கும். நடுநடுவே ஒன்றிரண்டை வேண்டுமென்றே மாற்றிவிடும். இப்படித் தலைமுறை தலைமுறையாகப் போய்க் கடைசியில் சிறந்த ஜோடியில் வந்து நிற்கும்.

ஸ்ரீசரண் சார் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"முத்துராணி, நாற்பத்தாறு மரம்னா மொத்தமே ஆயிரத்து முப்பத்தஞ்சு ஜோடிதானே. எல்லாத்தையும் ஒண்ணு விடாம ஒப்பிட்டுப் பார்த்தா ஒரு விநாடி கூட ஆகாது. இதுக்கு ஜிஏ எதுக்கு?"

"நாலாம் பாடத்துல இருக்கு சார்."

அவர், "சரி, ஓட்டுங்க" என்றார்.

நூறு தலைமுறை ஓடியது. முழு மதிப்பெண். வித்தியாசம் பூஜ்யம். விடை: பதினேழாம் மரமும் பதினேழாம் மரமும்.

பின் பெஞ்சில் சாய்கிருஷ்ணன் மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தான். பகலில் செல்போன் கடையில் வேலை செய்கிறவன். "ஜோடிப் பொருத்தம் அமோகம். பத்துப் பொருத்தமும் இருக்கு" என்றான்.

சார் சிரிக்கவில்லை; வாயை மட்டும் கையால் மூடிக்கொண்டார். "அது தப்புப் பண்ணலை. ரெண்டும் வேற வேற மரமா இருக்கணும்னு நீங்க அதுகிட்ட சொல்லலை. நீங்க எதுக்கு மார்க் போடுறீங்களோ அதைத்தான் அது கொண்டுவரும். நீங்க மனசுல நினைச்சதை இல்லை."

மார்ச் 25

இரண்டாம் ஓட்டம். வேறு வேறு மரம் என்று சொல்லிவிட்டேன். விடை: பதினான்கும் முப்பதும். வித்தியாசம் மறுபடியும் பூஜ்யம்.

நோட்டைப் புரட்டினேன். இரண்டு வரியும் காலியாக இருந்தன. தேவேந்திரன் அண்ணாச்சிக்குப் போன் செய்தேன்.

"பதினாலா? அது போன வாரக் காத்துல சாஞ்சிட்டு தாயி. முப்பதையும் காத்து முறிச்சுப் போட்டுட்டு. அதான் ஒண்ணும் எழுதல."

குலையே இல்லாத இரண்டு மரங்கள். ஒன்றுபோலத்தான் இருந்தன.

"கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?" என்று கேட்டார்.

"தேடுது அண்ணாச்சி."

"பைய தேடட்டும். மீசை எங்கனயும் போவாது."

மார்ச் 27

மூன்றாம் ஓட்டம். விடை: ஒன்பதும் முப்பத்தெட்டும். ஒரே நாளில் தள்ளிய குலைகள். இரண்டிலும் ஒன்பது சீப்பு. இரண்டும் நாலு சாண். காலி வரி அல்ல, ஒரே மரம் அல்ல. மூன்று முறை சரிபார்த்தேன். பேருந்தில் வரும்போது நான்காம் முறையும் பார்த்தேன்.

மார்ச் 30

ஒன்பதும் முப்பத்தெட்டும் என்று சொன்ன மறுநாளே தேவேந்திரன் அண்ணாச்சி சம்பந்திக்குப் போன் செய்து, "கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு சம்பந்தி, இனி ஒண்ணும் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டாராம். நேற்று ஞாயிற்றுக்கிழமை இரண்டு மரத்துக்கும் மஞ்சள் தடவி, மஞ்சள் கயிறு கட்டி, சூடம் காட்டியிருக்கிறார். கல்யாணத்துக்கென்று ஒரு மரத்தில் கயிறு கட்டிவிட்டால் அவர்கள் வீட்டில் அதை மாற்றுவதில்லை. வாசலுக்கு வருவது அந்த மரம்தான்.

முதலாளி என்னைப் பார்த்து, "நம்ம கடைல விஞ்ஞானி இருக்குன்னு ஊரே பேசுது. இனி உனக்குச் சம்பளம் குடுக்க எனக்கு வெக்கமா இருக்கு" என்றார்.

கொடுக்க மாட்டார் என்று அர்த்தமா என்று மதியம் வரை யோசித்தேன்.

ஏப்ரல் 12

செயல்திட்ட அறிக்கையில் ஒட்டப் படம் வேண்டும் என்று தோப்புக்குப் போனேன். மேல வயலில் ஒன்பதாம் மரம். படம் எடுத்தேன். வரப்பில் நடந்து வாய்க்காலைத் தாண்டினால் கீழ வயல். அங்கே முப்பத்தெட்டு. அதையும் எடுத்தேன். போனில் இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தபோது முப்பத்தெட்டு குட்டையாகத் தெரிந்தது.

என் கண்ணை நான் நம்புவதில்லை. எனவே கையால் அளந்தேன். என் சாணுக்கு ஒன்பதாம் குலை நாலரை. முப்பத்தெட்டு நாலுக்கும் குறைவு. என் கையை நம்புவதும் சரியில்லை என்று பையிலிருந்த டேப்பை எடுத்தேன். ஒன்பது, தொண்ணூற்று இரண்டு சென்டிமீட்டர். முப்பத்தெட்டு, எண்பது.

தேவேந்திரன் அண்ணாச்சியும் அவர் மனைவி தங்கத்தாய் அக்காவும் வாய்க்கால் மடையை அடைத்துவிட்டு வந்தார்கள்.

"அண்ணாச்சி, இதையெல்லாம் யாரு அளந்தா?"

"நாங்கதான்."

"நாங்கன்னா?"

"மேல வயல் நான். கீழ வயல் இவ. அன்னைக்கு எங்க தண்ணி முறை. ஒத்த ஆளு நாப்பத்தாறையும் அளந்துட்டு இருந்தா தண்ணி அடுத்தவன் வயலுக்குப் போயிருக்கும்."

"ரெண்டு பேரும் சாணாலயா அளந்தீங்க?"

"பின்ன? சாண் சாண்தான தாயி."

நான் கையை விரித்துக் காட்டினேன். தங்கத்தாய் அக்கா என் கையைப் பார்த்தார். பிறகு தன் கையை விரித்தார். பிறகு புருஷன் கையைப் பிடித்து, விரலைப் பிரித்து, தன் கையை அதன்மேல் வைத்தார். கட்டைவிரலோடு கட்டைவிரல் சேர்ந்தது. மறுபக்கம், அவருடைய சுண்டுவிரல் முடிந்த இடத்துக்கு அப்பால் அண்ணாச்சியின் கை இன்னும் ஒன்றரை விரல் போயிற்று. நாலு சாணுக்கு ஆறு விரல்.

அண்ணாச்சியின் மற்றக் கை மீசைக்குப் போயிற்று.

"ஏளா" என்றார் கடைசியில். "உன் கை இவ்வளவு சின்னதுன்னு ஏன் சொல்லல?"

"கல்யாணத்தன்னைக்குப் பிடிச்சீகள்லா. அப்பமே பாத்திருக்கணும்."

வேறு ஜோடி பார்க்கலாம் என்று சொன்னேன். நாற்பத்து நாலு குலையையும் டேப்பில் நானே அளந்து மறுபடி ஓட்டினால் வேறு நல்ல ஜோடி கிடைக்கும். அண்ணாச்சி தலையை ஆட்டினார். கட்டின கயிற்றை அவிழ்ப்பதற்கு மீசையை எடுப்பதே மேல் என்றார். பிறகு அவசரமாக, "மீசையையும் எடுக்க முடியாது" என்றார்.

எல்லாத் தப்பும் என்னுடையது. அளவு எந்தக் கையால் என்று பத்தி போட மறந்தேன். இரண்டு கையெழுத்தைப் பார்த்தும் கேட்கவில்லை.

ஏப்ரல் 13

கடையில் முதலாளியிடம் சொன்னேன். அவர் சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் பின்னால் இருந்த அலமாரியைக் காட்டினார்.

"இருக்குலா உன் நீல நோட்டு ஜிஏ. பச்சை நோட்டு ஜிஏ கெடுத்ததை இது சரி பண்ணுதான்னு பாப்போம். குட்டைக் குலைக்கு மட்டும் அடிக்கச் சொல்லு. காய் இன்னும் முத்தல. கொஞ்சம் நீளும், குலையும் கொஞ்சம் இறங்கும். எவ்வளவுன்னு எங்கிட்ட கேக்கப்படாது. அடிச்சவன் பாடு, வாழை பாடு."

தேவேந்திரன் அண்ணாச்சி ஒரு பொட்டலம் வாங்கிப் போனார். அளவு பிசகக் கூடாது என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். இந்த முறை சாண், முழம், கைப்பிடி எதுவும் இல்லாமல் எழுதினேன். பத்து நாளைக்கு ஒரு முறை, முப்பத்தெட்டுக்கு மட்டும். பூச்சி மருந்து அடிப்பது எப்போதும் தங்கத்தாய் அக்காதான் என்பதால் இதையும் அவரே அடிப்பதாக ஏற்பாடு.

மே 10

ஞாயிற்றுக்கிழமைதோறும் டேப்போடு போகிறேன். இரண்டு குலைக்கும் உள்ள வித்தியாசம்:

முதல் வாரம் பன்னிரண்டு சென்டிமீட்டர். அடுத்த வாரம் பதினொன்று. அதற்கடுத்தது ஒன்பது. அன்று அண்ணாச்சி எனக்கு இரண்டு இளநீர் வெட்டித் தந்தார். மே மூன்றில் மறுபடி ஒன்பது. நின்றுவிட்டதோ என்று பயந்தேன். இன்று பதினொன்று.

குறைந்தது எப்படிக் கூடும்? டேப்பைக் கடையிலுள்ள இரும்பு ஸ்கேலோடு வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. அப்படியானால் நான்தான் சரியாக இல்லை.

"எப்படி இருக்கு தாயி?" என்று அண்ணாச்சி வரப்பிலிருந்து கேட்டார்.

"கவனிச்சிட்டு இருக்கேன் அண்ணாச்சி."

"கவனி, கவனி. நானும் தெனமும் கண்ணாடில கவனிச்சிட்டுத்தான் இருக்கேன்."

மே 17

வழக்கமாகப் பத்து மணிக்குப் போவேன். இன்று முதல் பேருந்தில் போய் ஆறரைக்கே இறங்கிவிட்டேன். வெயில் ஏறுவதற்கு முன் அளந்தால் வேறு அளவு வருமோ என்று ஒரு எண்ணம்.

மேல வயலில் தங்கத்தாய் அக்கா நின்றார். கையில் தெளிப்பான். ஒன்பதாம் மரத்தின் குலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"அக்கா, அது ஒம்பது."

"தெரியும்."

"அடிக்க வேண்டியது முப்பத்தெட்டு."

"அதுக்கும் அடிச்சேன். அது நல்ல பிள்ளையா நீண்டுட்டே வந்துச்சா, பயந்துட்டேன். அதான் இதுக்கும் அடிக்கேன்."

நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் தெளிப்பானை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏட்டி ராணி, நான் ஒண்ணு சொல்லுதேன், கேளு. எனக்குக் கல்யாணமாகி இருபத்தேழு வருசம். பொண்ணு பாக்க வரும்போதே அவுக அந்த மீசையோடதான் வந்தாக. மூக்குக்கும் வாய்க்கும் நடுவுல என்ன இருக்குன்னு இன்னைய வரைக்கும் நான் பாத்ததில்ல. திருச்செந்தூர்ல மூணு தடவ மொட்டை போட்டாக. தலையைக் குடுத்தாக, தாடியைக் குடுத்தாக. மீசையை முருகனுக்குக் கூடக் குடுக்கல."

"நேரா கேட்டிருக்கலாம்லா அக்கா?"

"கேட்டேன். மூத்தவ பொறந்தப்ப கேட்டேன். 'மீசை இல்லாத ஆளை உனக்குப் பிடிக்காமப் போச்சுன்னா என்ன செய்ய?'ன்னாக. அதுக்கு என்ன பதில் சொல்ல?"

"அப்பம் அந்தச் சாண்? அதுவும் நீங்க வேணும்னே..."

"இல்ல இல்ல. சத்தியமாத் தெரியாது. நடந்த பொறவுதான், இது நமக்குன்னே வந்த வழின்னு நெனச்சேன்." வாழையைப் பார்த்துக்கொண்டே, "அவுகட்ட சொல்லப் போறியா?" என்று கேட்டார்.

"தெரியல அக்கா."

"தெரியும்போது சொல்லு. அவசரமில்ல" என்று எழுந்து போய்த் தெளிப்பானை எடுத்துக்கொண்டார்.

அளந்தேன். ஒன்பது, தொண்ணூற்றெட்டு. முப்பத்தெட்டு, எண்பத்தாறு. வித்தியாசம் பன்னிரண்டு. ஏப்ரலில் எங்கே ஆரம்பித்தோமோ அங்கேயே வந்திருக்கிறது. ஒரே மாற்றம், இரண்டு குலையுமே இப்போது பெரிதாக இருக்கின்றன.

மே 20

வகுப்பில் என் கவனம் இல்லை. ஒருவருக்கு வித்தியாசம் குறைய வேண்டும், ஒருவருக்குக் கூட வேண்டும். இரண்டு பேரும் என்னைத்தான் நம்புகிறார்கள். நான் எதற்கு மார்க் போடுவது? ஸ்ரீசரண் சாரிடம், ஒரே கணக்கில் இரண்டு பேர் எதிரெதிராகக் கேட்டால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"யாராவது ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கணும். இல்லைன்னா ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி."

மீசையில் பாதி எடுப்பதைப் பற்றி நினைத்துப் பார்த்தேன். சரிப்படாது.

தேவேந்திரன் அண்ணாச்சியிடம் வித்தியாசம் பன்னிரண்டு என்பதை மட்டும் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. மருந்து கேட்கவில்லை போலிருக்கிறது என்று அவரே சொன்னார். அவர் குரல் சின்னதாக இருந்தது.

மே 24

பாளையங்கோட்டையில் மண்டபம். ஏழு மணிக்கெல்லாம் போய்விட்டேன். வாசலின் இடப்பக்கம் ஒன்பது, வலப்பக்கம் முப்பத்தெட்டு. அடியை வெட்டி ஒரே உயரமாகக் கட்டியிருந்தார்கள். வாசல் அகலமானது, நடுவில் நின்று சட்டென்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. அண்ணாச்சி பட்டு வேட்டியில், எண்ணெய் தடவி முறுக்கிய மீசையோடு நின்றார். அவர் சட்டைப் பையில் சவரக்கத்தி இருந்ததைப் பார்த்தேன். வாக்கு என்றால் வாக்கு என்று நினைத்திருக்கிறார். பக்கத்தில் தங்கத்தாய் அக்கா, ஒரு சொம்பில் தண்ணீரும் தோளில் புதுத் துண்டுமாக நின்றார். மாப்பிள்ளைக்குக் கால் கழுவ என்று எல்லாரும் நினைத்தார்கள்.

ஏழரைக்கு வள்ளியூர் வேன்கள் வந்தன. மகாராஜன் இறங்கியதும் மேளத்தைக் கூடக் கவனிக்கவில்லை. நேராக வாழையிடம் வந்தார். நெடிய, கனத்த மனிதர். கைகள் முறம் போல இருந்தன. பின்னால் அவர் மனைவி, தாம்பாளத்தோடு.

"எங்க சம்பந்தி, கம்ப்யூட்டர் வாழை?"

"இந்தா நிக்குதுல்லா."

"பாத்தா ஒண்ணாத்தான் இருக்கு. பாத்தாப் போதுமா? அளந்துருவோம்."

நான் பையில் கைவிட்டேன். "டேப் இருக்கு" என்று நான் சொல்லும் முன்பே அவர், "டேப்பு கீப்பெல்லாம் வேண்டாம். அது ஆளுக்கு ஆள் மாறும். ஆண்டவன் குடுத்த கை இருக்கு" என்றார்.

ஒரு பையன் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தான். மகாராஜன் அதில் ஏறி ஒன்பதாம் குலையில் கையை வைத்தார்.

அந்த நேரத்தில் நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வாய் திறந்திருக்க மாட்டேன். தாம்பாளத்தைப் பிடித்திருந்த சம்பந்தியம்மாவின் கையைப் பார்த்தேன். சின்னக் கை. தங்கத்தாய் அக்கா கைக்கு ஒரு சுற்றுப் பெரிது, அவ்வளவுதான்.

"ஐயா, முகூர்த்தத்துக்கு நேரமாவுது" என்றேன். "இந்தக் குலையை நீங்க அளங்க. அந்தக் குலையை அம்மா அளக்கட்டும். ஆண் ஒண்ணு, பெண் ஒண்ணு. கல்யாண வீட்டுல அதுதான பொருத்தம்?"

கூட்டத்தில் இரண்டு மூன்று பெண்கள், சரிதானே என்றார்கள். மகாராஜன் நாற்காலியிலிருந்தே திரும்பி, "ஏளா, அங்கன ஏறு" என்றார்.

தேவேந்திரன் அண்ணாச்சியின் கண் என் பக்கம் வந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. நாற்பது நாளாக அந்தக் கணக்கோடுதான் அவர் தூங்கி எழுந்திருக்கிறார். தங்கத்தாய் அக்காவுக்கும் புரிந்தது. அவர் சொம்பை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் மேளக்காரரைப் பார்த்தேன்.

"ஒண்ணு" என்றார் மகாராஜன். "ஒண்ணு" என்றார் அந்த அம்மா. "ரெண்டு." "ரெண்டு." மூன்றாவதில் அந்த அம்மாவின் வளையல் ஒரு காயில் மாட்டிக்கொண்டது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். சரியான இடத்தில் வைத்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. "மூணு." "மூணு."

"நாலு" என்று சொல்லிவிட்டு மகாராஜன் நிமிர்ந்தார். "நாலு, சரியா பூவுல வந்து முட்டுது. உனக்கு?"

"எனக்கும் நாலுதான். பூவுல முட்டுது."

சீப்பையும் எண்ணினார்கள். ஒன்பது, ஒன்பது. மகாராஜன் நாற்காலியிலிருந்து இறங்கினார். கையைத் துடைத்துக்கொண்டு தேவேந்திரன் அண்ணாச்சியைக் கட்டிப்பிடித்தார்.

"மீசை பொழச்சுது சம்பந்தி. எப்படிவே இப்படி ஒண்ணு போல வளத்தீரு?"

"அதெல்லாம் கை அளவுதான்" என்றார் அண்ணாச்சி. முகத்தில் சிரிப்பே இல்லை.

தங்கத்தாய் அக்கா சொம்புத் தண்ணீரை மாப்பிள்ளையின் காலில் ஊற்றினார். கொஞ்சம் வேகமாகவே ஊற்றினார்.

மே 29

செயல்திட்டத்தை ஒப்படைத்தேன். முடிவுரையில் தோப்பில் டேப்பில் எடுத்த அளவுகளையும், வித்தியாசம் பன்னிரண்டு என்பதையும், மண்டபத்தில் அளந்த விதத்தையும் அப்படியே எழுதியிருந்தேன். மறைத்து எழுத முடியவில்லை. ஸ்ரீசரண் சார் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வழிமுறை தோத்துடுச்சுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்."

"ஆனா ரெண்டு பேர் கேட்டதுல ஒருத்தருக்காவது கிடைச்சிருக்கே."

"தங்கத்தாய் அக்கா என்கூடப் பேசமாட்டேங்காக சார்."

அவர் எழுபத்திரண்டு மதிப்பெண் போட்டார். எழுபதே போதும் என்று எனக்குத் தோன்றியது.

ஜூன் 1

பதினொரு மணிக்குக் கடைக்கு ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகத்தில் மூக்குக்குக் கீழே ஒரு பட்டை மட்டும் வெளுப்பாக, அங்கிருந்து இரண்டு கன்னத்திலும் காதுவரை வெள்ளைக் கோடாக ஏறியிருந்தது. எங்கேயோ பார்த்த ஆள் போலிருந்தது.

"என்ன வேணும் ஐயா? பில் யாரு பேருக்கு?"

"தேவேந்திரன்."

முதலாளியின் கையிலிருந்த பேப்பர் கீழே விழுந்தது.

"நீரா வே? யாரு செத்தா?"

"யாரும் சாவல. கல்யாணம் முடிஞ்சு வாழையை அவுத்தோம்லா. ரெண்டு குலையையும் பக்கத்துல பக்கத்துல போட்டு, என் ஒத்தக் கையாலயே அளந்தேன். ஆறு விரல். சம்பந்திக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்லா." வெளுத்த மேலுதட்டைத் தடவிப் பார்த்தார். கை அங்கே இருக்கும் என்று எதிர்பார்த்தது அங்கே இல்லை. "அதுபோக ஒரு வாரமா வீட்டுல ஒருத்தி என் மூக்குக்குக் கீழயே பாத்துட்டு இருந்தா. சோறு வைக்கும்போது பாத்தா. மடை தொறக்கும்போது பாத்தா. எவ்வளவு நாள்தான் பொறுக்க?"

"அக்கா என்ன சொன்னாக?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. ரெண்டு நாளா சிரிக்கா. நான் எந்தப் பக்கம் திரும்புனாலும் சிரிக்கா. பிடிச்சுச் சிரிக்காளா, பிடிக்காமச் சிரிக்காளான்னு தெரியல." அண்ணாச்சி வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மேசைமேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "தாயி, அன்னைக்குக் குடுத்தியே, அந்த நீட்டுத மருந்து. அதுல ஒரு பொட்டலம் எடு. அது மீசைக்குக் கேக்குமா?"

முதலாளி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நான் பொட்டலத்தை எடுத்துப் பின்புறத்தைப் படித்தேன். ஒன்றுக்கு இரண்டு முறை படித்தேன். திராட்சை, வாழை, நெல், கரும்பு.

"மீசை போடல அண்ணாச்சி."

"போடலைன்னா கேக்காதுன்னு அர்த்தமா?"

வாசலில் நின்ற பைக்குக்குப் பின்னாலிருந்து தங்கத்தாய் அக்கா எட்டிப் பார்த்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு என்னிடம் முதல்முறையாகப் பேசினார்.

"ஏட்டி ராணி, குடுத்திராத."

நீல நோட்டில் எழுதினேன்: ஜிஏ, ஒரு பொட்டலம். எடுத்தேன், திரும்ப வைத்தேன்.